மதிப்பீட்டில் நியதி அட்டவணை: இணையவழிக் கற்றல் முறைமையை முன்வைத்துச் சில குறிப்புகள்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நோய்த்தொற்றுக் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விரிவுரைக் குறிப்புகளை இட்டு வைக்கும் பெட்டகமாக மட்டும் எம்மிற் பலர் அதுவரை கருதியிருந்த இணையவழிக் கற்றல் முகாமைத்துவ முறைமை, அதன் பின்னர் ஒப்படைகளைப் பெறுவதற்கும் திருத்துவதற்கும் புள்ளி வழங்குவதற்குமுரிய களமாயிற்று. விடைத்தாட் கட்டும் சிவப்பு மைப் பேனாவும் மேசையை விட்டு அகன்றன. அவை இருந்த இடத்தில் கணினித் திரையில் ஓர் அட்டவணை தோன்றியது. ஆங்கிலத்தில் றூபிரிக் எனப்படும் அதனை இக்கட்டுரையில் நியதி அட்டவணை எனக் குறிப்பிடுவோம். அதன் நிரைகள் ஒவ்வொன்றும் ஒரு கணிப்பீட்டு நியதியைக் குறிக்கும். நிரல்கள் அந்நியதியில் மாணவர் எய்தக்கூடிய அடைவு மட்டங்களைக் குறிக்கும். ஒவ்வொரு கட்டத்தினுள்ளும் அம்மட்டத்திற்குரிய விவரணமும் புள்ளியும் இருக்கும். திருத்துபவர் நிரைதோறும் ஒரு கட்டத்தைத் தெரிவுசெய்தால், கூட்டலை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

சிவப்பு மையைப் பற்றிச் சொன்னமையால் ஒன்றைக் கூறிச் செல்லலாம். றூபிரிக் என்னும் சொல்லே சிவப்பிலிருந்து பிறந்தது. செங்காவியைக் குறித்த இலத்தீன் சொல் அதன் மூலம். சட்ட நூல்களிலும் வழிபாட்டு நூல்களிலும் தலைப்புகளையும் நடைமுறைக் கட்டளைகளையும் சிவப்பெழுத்தில் எழுதிய மரபு காரணமாக, அச்சொல் காலப்போக்கில் விதி, கட்டளை என்னும் பொருள்களைப் பெற்றது. மதிப்பீட்டு அட்டவணையைக் குறிக்க வந்தது மிகப் பிந்தியே.

இவ்வட்டவணை எந்தப் பிரச்சினைக்குத் தீர்வாக எழுந்தது என்பதை முதலில் நோக்க வேண்டும். ஒரே விடைக்கு வெவ்வேறு பரீட்சகர் வெவ்வேறு புள்ளி வழங்குவர் என்பது மாணவர் யாவரும் அறிந்தது. இதனை எண்களாற் காட்டும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. பொருளியலறிஞர் எட்ஜ்வேர்த் 1888இலும் 1890இலும் பரீட்சைப் புள்ளிகளிற் தற்செயலின் பங்கைப் புள்ளிவிபரவியல் முறையில் ஆராய்ந்தார். ஐக்கிய அமெரிக்காவில் ஸ்ராச், எலியட் என்னும் இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளின் பிரதிகளை ஏறத்தாழ 140 ஆசிரியர்களைக் கொண்டு திருத்துவித்து, முடிவுகளை 1912இல் வெளியிட்டனர். ஒரே தாளுக்கு 50 அளவில் வழங்கியோரும் இருந்தனர். 90க்கு மேல் வழங்கியோரும் இருந்தனர். மொழிப் பாடம் ஆதலால் இப்படி என்று சொல்லித் தப்பவும் வழியில்லாது போயிற்று. அடுத்த ஆண்டு கேத்திர கணித விடைத்தாள் ஒன்றைக் கொண்டு அதே சோதனையைச் செய்தபோது வேறுபாடு இன்னும் விரிந்தது.

இவற்றினும் என்னை அதிகம் சிந்திக்கவைத்தது, ஹார்ட்டொக், றோட்ஸ் ஆகியோர் இங்கிலாந்தில் நடத்தி 1935இல் வெளியிட்ட ஆய்வு. வரலாற்றுப் பாட விடைத்தாள்கள் 15ஐப் பரீட்சகர்களிடம் கொடுத்துத் திருத்துவித்தனர். ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின்னர் அதே தாள்களை அதே பரீட்சகர்களிடம் மீண்டும் கொடுத்தனர். இரண்டாம் முறையிற் பங்குகொண்ட 14 பரீட்சகர்களும் வழங்கிய 210 தீர்ப்புகளில் 92 தீர்ப்புகள் மாறியிருந்தன. மாறியவை ஓரிரு புள்ளிகள் என்று எண்ணிவிடலாகாது. சித்தி, சித்தியின்மை, திறமைச் சித்தி என்னும் தரமே மாறியிருந்தது. பரீட்சகர் தம்மோடு தாமே உடன்படவில்லை என்பது இதன் பொருள். இரண்டாம் பரீட்சகரை நியமிப்பதால் மட்டும் நீதி கிடைத்துவிடும் என்று நம்புவோர் இவ்வெண்ணை மனங்கொள்ளுதல் நன்று.

நியதி அட்டவணையின் நேரடி முன்னோடியாகக் கருதப்படுவது, டீடரிச்சும் அவருடைய சகாக்களும் ஐக்கிய அமெரிக்காவின் கல்விச் சோதனைச் சேவை நிறுவனத்தில் 1961இல் நிறைவுசெய்த ஆய்வாகும். கல்லூரி முதலாண்டு மாணவரது 300 கட்டுரைகளை ஆறு துறைகளைச் சேர்ந்த 53 வாசகர்கள் ஒன்பது தரங்களாக வகுத்தனர். எந்த நியதியின்படி தரமிடவேண்டும் என்பது அவர்களுக்கு அறிவுறுத்தப்படவில்லை. 300 கட்டுரைகளில் 94 சதவீதமானவை குறைந்தது ஏழு வெவ்வேறு தரங்களைப் பெற்றன. ஐந்துக்குக் குறைந்த தரங்களைப் பெற்ற கட்டுரை ஒன்றேனும் இல்லை. ஆய்வாளர் அவ்வளவில் நின்றுவிடவில்லை. வாசகர்கள் எழுதிவைத்த குறிப்புகளைக் காரணிப் பகுப்பாய்வு செய்தபோது, ஒரு சாரார் கருத்தையும், ஒரு சாரார் பிழையற்ற மொழியையும், வேறு சிலர் ஒழுங்கமைப்பையும், இன்னும் சிலர் சொல்லாட்சியையும் நடையின் தனித்துவத்தையும் முதன்மைப்படுத்தியமை தெரியவந்தது. வாசகர்கள் மனம்போன போக்கிற் புள்ளியிட்டனர் என்று இதனைக் கொள்ள முடியாது. ஒவ்வொருவரிடமும் ஓர் அளவுகோல் இருந்தது. அது வெளியே சொல்லப்படாத அளவுகோலாக இருந்தது. அவற்றை வெளியே எடுத்து நிரைகளாக அடுக்கினால் கிடைப்பதே நியதி அட்டவணை.

இப்பின்னணியிற் பார்க்கும்போது, எமது பொதுப் பரீட்சைகளின் புள்ளியிடும் திட்டமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே என்பது புலனாகும். பிரதம பரீட்சகரின் தலைமையில் மாதிரி விடைத்தாள்களை வைத்து விவாதித்தபின் திருத்தத் தொடங்கும் வழக்கத்தை, கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சையில் விடைத்தாள் திருத்திய ஆசிரியர் எவரும் அறிவர். பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் நியதிகளை எழுதிப் பழகியவர்களும் அவர்களே. ஆனால், இணைய முறைமையில் இத்திட்டம் ஒரு கணிதப் பொறியோடு பிணைக்கப்பட்டிருக்கின்றது. அப்பொறி செய்வது என்ன என்பதை அறியாது அட்டவணையைப் பயன்படுத்துவதனாலேயே சிக்கல் விளைகின்றது.

எமது சூழலில் நன்கு அறியப்பட்ட மூடில் என்னும் முறைமையை உதாரணமாகக் கொள்ளலாம். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கிய இம்மென்பொருளின் முதற் பதிப்பு 2002 ஓகஸ்ரில் வெளிவந்தது. எவரும் கட்டணமின்றிப் பெற்று, மாற்றியமைத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் அது. வறிய நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கு இது பெரும் வாய்ப்பு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நியதி அட்டவணை 2011 இறுதியில் வெளிவந்த பதிப்பில் இணைக்கப்பட்டது.

ஒரு விரிவுரையாளர் நான்கு நியதிகளை வைத்து, ஒவ்வொன்றிற்கும் 1, 2, 3, 4 எனப் புள்ளியிட்ட நான்கு மட்டங்களை அமைக்கிறார் என்று கொள்வோம். மிகச் சாதாரணமான அமைப்பு இது. ஒரு மாணவி நான்கு நியதிகளிலும் இரண்டாம் மட்டத்தை எய்துகிறாள். மொத்தம் 16இற்கு 8. எனவே 50 சதவீதம் என்று விரிவுரையாளர் எண்ணுவார். மாணவியும் அவ்வாறே எண்ணுவாள். ஆனால் முறைமையின் கணிப்பு அவ்வாறு அமைய வேண்டுமென்பதில்லை. அட்டவணையிற் பெறக்கூடிய மிகக் குறைந்த புள்ளி 4 ஆதலால் அந்த 4ஐப் பூச்சியமாகக் கொண்டு கணக்கிடும் வழியொன்று அதில் உண்டு. பெற்ற 8இலிருந்து 4ஐக் கழித்தால் 4. உச்சமாகிய 16இலிருந்து 4ஐக் கழித்தால் 12. 12இற்கு 4 என்பது 33 சதவீதம். சித்திக்குரிய எல்லை 40 எனின், ஒரு வழியில் அவள் சித்தியடைகிறாள். மறு வழியிற் சித்தியடையவில்லை. அவள் எழுதிய கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. திருத்தியவரின் தீர்ப்பும் மாறவில்லை.

தொடக்கத்தில் இக்கழித்தல் வழி ஒன்றே இருந்தது. பின்னர் குறைந்த புள்ளியைக் குறைந்த புள்ளியாகவே கொள்ளும் வழியும் சேர்க்கப்பட்டு, இரண்டில் ஒன்றைத் தெரியும் வசதி அட்டவணையின் அடியில் ஒரு சிறு சதுரமாக வைக்கப்பட்டது. அச்சதுரத்தில் அடையாளம் இடுவதா விடுவதா என்பது கல்வி சார்ந்த முடிவு. அதனைத் தொழினுட்ப உத்தியோகத்தரிடம் விட்டுவிட முடியாது. ஒவ்வொரு நியதியின் அடிமட்டத்திற்கும் பூச்சியம் வைத்துவிட்டால் இரு வழியும் ஒரே விடையைத் தரும் என்பதையும் இங்குக் குறிப்பிடலாம். சிலர் பூச்சியம் என்னும் எண் மாணவர் மனத்தைப் புண்படுத்தும் எனக் கருதி 1 இலிருந்து தொடங்குவர். நல்லெண்ணமே அது. ஆனால் கழித்தல் வழியில், அந்த ஒன்று மாணவருக்குத் தெரியாமலே பூச்சியமாகிவிடும்.

இதனினும் நுண்ணியது நிரைகளின் எண்ணிக்கை பற்றிய பிரச்சினை. நிரையொன்றின் முக்கியத்துவத்தைத் தனியே குறிப்பிட இவ்வட்டவணையில் இடமில்லை. அதன் உச்சப் புள்ளியே அதன் நிறை. வாதம், சான்று, எழுத்துப்பிழை, சந்தி, பக்க அமைப்பு என ஐந்து நியதிகளை வைத்து, ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 3 வரை புள்ளியிடுவதாகக் கொள்வோம். ஐந்தும் சமமாகத் தோன்றும். உண்மையில் வடிவம் சார்ந்த மூன்று நிரைகளுக்கு 60 சதவீதமும் சிந்தனை சார்ந்த இரண்டிற்கு 40 சதவீதமும் ஒதுக்கப்பட்டுவிட்டன. வாதம் எதுவுமின்றி, சான்றில் ஒரு புள்ளி மட்டும் பெற்று, பிழையின்றி அழகுற எழுதியவர் 15இற்கு 10 பெறுவார். வாதத்திலும் சான்றிலும் முழுப் புள்ளி பெற்று, ஒற்றுப்பிழையும் சந்திப்பிழையும் மலிய, பக்க ஒழுங்குமின்றி எழுதி, அம்மூன்றிலும் ஒவ்வொரு புள்ளி பெற்றவருக்குக் கிடைப்பது 9. எந்த விரிவுரையாளரிடம் நேரிற் கேட்டாலும் இரண்டாமவரே சிறந்த மாணவர் என்பார். அவர் அமைத்த அட்டவணை முதலாமவரைத் தெரிவுசெய்யும். வடிவம் சார்ந்தவற்றை நிரைகளாகப் பிரிப்பது எளிது. சிந்தனையைப் பிரிப்பது கடினம். எனவே அட்டவணை அமைப்போரின் கை இயல்பாகவே வடிவத்தின் பக்கம் சாய்ந்துவிடுகின்றது.

கட்டங்களுக்குள் எழுதப்படும் விவரணங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். நான் கண்ட அட்டவணைகளிற் பல, போதாது, சுமார், நன்று, மிக நன்று என்னும் சொற்களால் நிரம்பியவை. இவை புள்ளியை வேறு சொல்லாற் கூறுவனவேயன்றி, எதற்காக அப்புள்ளி என்பதைக் கூறுவன அல்ல. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை எவ்வாறு பாதித்தது என்பது ஒப்படை எனின், சான்று என்னும் நிரையில் முதல் மட்டம், சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் மட்டும் கூறுதல் என்றிருக்கலாம். அடுத்த மட்டம், வம்சாவளியால் குடியுரிமை பெறுவதற்குத் தந்தையோ அதற்கு முந்திய தலைமுறையினரோ இலங்கையிற் பிறந்தமையை நிறுவவேண்டியிருந்தது என்னும் ஏற்பாட்டைச் சரியாக எடுத்துரைத்தல். அதற்கு மேலானது, அவ்வேற்பாட்டைத் தோட்டங்களிற் பிறப்புப் பதிவின் நிலையோடு பொருத்தி, சொல்லளவிற் பொதுவாகத் தோன்றும் சட்டம் நடைமுறையில் ஒரு மக்கட் கூட்டத்தை ஏன் வெளியே தள்ளியது என விளக்குதல். இவ்வாறு எழுதப்பட்ட விவரணத்தை வாசிக்கும் மாணவர், தாம் அடுத்துச் செய்யவேண்டியது யாது என்பதை அறிவார். சுமார் என்னும் சொல்லைக் கண்டவருக்கு மிஞ்சுவது மனவருத்தமே.

இவ்விடத்தில் என் தவறொன்றையும் பதிவுசெய்தல் பொருந்தும். முதன்முதலில் நான் பயன்படுத்திய அட்டவணை நானாக எழுதியதன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் அட்டவணையை அவசரத்தில் தமிழாக்கி முறைமையில் ஏற்றிவிட்டேன். குடியுரிமை பற்றிய மேற்படி விடயத்தில் ஒரு மாணவி, தன் பாட்டியிடம் இல்லாத பிறப்புச் சான்றிதழிலிருந்து கட்டுரையைத் தொடங்கியிருந்தாள். குடும்பத்தில் வாய்மொழியாக வழங்கியவற்றைச் சட்டத்தின் வாசகத்தோடு ஒப்பிட்டு அவள் எழுதிய நான்கு பக்கங்கள் அவ்வாண்டு நான் வாசித்தவற்றுள் மிகச் சிறந்தவை. ஆனால் சான்று என்னும் நிரையில், அச்சிட்ட ஆய்வு மூலங்கள் ஐந்துக்குக் குறையாமல் என்று எழுதியிருந்தது. அவளிடம் இருந்தவை இரண்டு. இரண்டாம் கட்டத்தை அழுத்தினேன். இயந்திரம் கூட்டிக் காட்டிய புள்ளியைப் பார்த்து ஏதோ தவறு என உணர்ந்தும், அட்டவணை சொல்கிறதே என்று அடுத்த ஒப்படைக்குச் சென்றுவிட்டேன். சில நாட்களின் பின்னரே மீண்டும் திறந்து மாற்றினேன். சிவப்பு மைப் பேனா கையிலிருந்த காலத்தில் அப்புள்ளியை வழங்கியிருக்கமாட்டேன் என்பது உறுதி. அக்காலத்தில் வேறு எத்தனை அநீதிகளைச் செய்தேன் என்பது ஹார்ட்டொக், றோட்ஸ் ஆய்வை வாசித்த எனக்குத் தெரியாததல்ல.

அவுஸ்திரேலியக் கல்வியியலாளர் றோய்ஸ் சாட்லர் பல ஆண்டுகளாக வற்புறுத்திவருவது இதனையே. முன்கூட்டியே எழுதப்பட்ட நியதிகள் ஒரு படைப்பின் முழுத்தரத்தையும் ஒருபோதும் அடக்கிவிட முடியாது என்பதும், நிரைகளின் கூட்டுத்தொகையும் படைப்பு பற்றிய முழுமையான தீர்ப்பும் முரண்படும் சந்தர்ப்பங்கள் தவிர்க்கவியலாதவை என்பதும் அவரது வாதம். முறைமையிலும் இதற்கு ஓரளவு இடமுண்டு. நியதி அட்டவணைக்கு மாற்றாக மூடில் வழங்கும் புள்ளியிடும் வழிகாட்டி என்னும் அமைப்பில் மட்டங்கள் இல்லை. நியதியும் அதன் உச்சப் புள்ளியும் மட்டுமே இருக்கும்; இடைப்பட்ட எந்த எண்ணையும் இட்டு, அதற்கான காரணத்தையும் எழுதலாம். சிறு குழுவினருக்குரிய நீண்ட ஆய்வுக் கட்டுரைகளுக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. இருநூறு ஒப்படைகளைப் பலர் பங்கிட்டுத் திருத்தும்போது நிலைமை வேறு. அங்கு மட்டங்கள் தரும் பொதுமை இன்றியமையாதது.

அவ்வாறாயின், குறைகள் இத்தனை உள்ள அட்டவணையை ஏன் ஆதரிக்கவேண்டும்? முற்போக்கு நோக்குடையோர் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. பியர் போர்தியூவும் மொனிக் டி சென் மார்த்தனும் 1975இல் வெளியிட்ட ஆய்வொன்று, பாரிசில் உயர்கல்விப் போட்டிப் பரீட்சைக்கு மாணவிகளைத் தயார்செய்த வகுப்பொன்றின் மெய்யியல் ஆசிரியர் எழுதிவைத்த குறிப்புச் சீட்டுகளை ஆதாரமாகக் கொண்டது. ஒவ்வொரு சீட்டிலும் மாணவியின் புள்ளியும், ஆசிரியரின் விமர்சனச் சொற்களும், பெற்றோரின் தொழிலும் இருந்தன. ஒரே அளவான புள்ளி பெற்றவர்களிடையேகூட, சமூகப் படிநிலையிற் தாழ்ந்த குடும்பத்தினருக்குக் கடுமையான சொற்களும், உயர்ந்த குடும்பத்தினருக்கு நயமான சொற்களும் வழங்கப்பட்டிருந்தன. ஆசிரியர் வேண்டுமென்று பாரபட்சம் காட்டினார் என்பதன்று அவர்களது முடிவு. எழுத்தின் தரத்தைப் பற்றித் தாம் பேசுவதாகவே அவர் முழுமனத்தோடு நம்பினார். எழுத்தின் நயம் என்ற பெயரில், வீட்டிலிருந்து கொண்டுவந்த பண்பாட்டு மூலதனமே அங்கு அளக்கப்பட்டது.

இதனை எம்மிடத்திற்குப் பொருத்திப் பார்ப்பது கடினமன்று. பெயர்பெற்ற நகரப் பாடசாலையிலிருந்து வரும் மாணவருக்கு, ஒரு விரிவுரையாளர் எத்தகைய விடையை விரும்புவார் என்பதை ஊகிக்கும் பயிற்சி முன்னரே கிடைத்திருக்கும். மூத்த மாணவரின் பழைய ஒப்படைகளும் அவர் கைக்கு எட்டும். தோட்டப் பாடசாலையிலிருந்தோ போரினால் இடம்பெயர்ந்த பாடசாலையொன்றிலிருந்தோ வந்தவருக்கு அவ்வாய்ப்பு அரிது. சொல்லப்படாத நியதி முன்னவருக்கே சாதகமானது. எழுதி வெளியிடப்பட்ட நியதி இருவருக்கும் ஒரே தாளில் கிடைக்கும்.

அதனாலேயே, முறைமையின் தெரிவுகளுள் ஒன்றை நான் ஏனையவற்றினும் முக்கியமானதாகக் கருதுகின்றேன். ஒப்படையைச் சமர்ப்பிப்பதற்கு முன்னரே அட்டவணையை மாணவர் பார்க்க அனுமதிப்பதா, அல்லது புள்ளி வழங்கிய பின்னரே காட்டுவதா என்று அது கேட்கும். கட்டங்களின் புள்ளிகளையும் திருத்துபவரின் குறிப்புகளையும் மாணவருக்குக் காட்டலாமா என்பதும் தனித்தனியே கேட்கப்படும். பின்னர் காட்டப்படும் அட்டவணை, வழங்கிய தீர்ப்புக்கு நியாயம் கூறும் சாதனம் மட்டுமே. முன்னரே காட்டினால் மாணவர் அட்டவணைக்கென்றே எழுதுவர் என்னும் மறுப்பைச் சகவிரிவுரையாளர் சிலரிடம் கேட்டிருக்கிறேன். விவரணங்கள் மேலே காட்டியவாறு விடயத்தைத் தழுவி எழுதப்பட்டிருப்பின், அட்டவணைக்கென்று எழுதுவதும் விடயத்தை நன்கு எழுதுவதும் ஒன்றாகிவிடும். ஐந்து மூலங்களுக்குக் குறையாமல் என்று எழுதியிருந்தால் அவர்கள் அஞ்சுவது உண்மையாகும். மாணவர் ஐந்து மூலங்களைத் தேடிப்பிடித்து அடுக்குவர்.

சுவீடனைச் சேர்ந்த ஜோன்சன், ஸ்விங்பி ஆகிய இருவரும் இத்துறையின் 75 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2007இல் எழுதிய கட்டுரை, அட்டவணை தனித்து நின்று அதிகம் சாதிப்பதில்லை என்பதைத் தெளிவாக்குகின்றது. அது குறித்த விடயத்தைத் தழுவியதாயும் நியதிகளைத் தனித்தனியே பிரித்து மதிப்பிடுவதாயும் இருந்து, மாதிரி விடைகளும் திருத்துவோருக்கான பயிற்சியும் உடன்சேரும்போதே புள்ளிகளின் ஒருமைப்பாடு உயர்கின்றது. பிரதம பரீட்சகர் மேசையைச் சுற்றி எமது ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்ததும் இதுவே என்பது சுவையான விடயம். இணைய முறைமை வந்தபின் அம்மேசை இல்லாது போயிற்று. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்து, ஒரே அட்டவணையில், தத்தம் விளக்கத்தின்படி கட்டங்களை அழுத்துகின்றனர். திரையில் எண்கள் ஒரேமாதிரித் தோன்றுவதால் தீர்ப்பும் ஒரேமாதிரியானது என்னும் மயக்கம் ஏற்படுகின்றது. திருத்தத் தொடங்குமுன் நான்கைந்து ஒப்படைகளை எல்லோரும் தனித்தனியே திருத்தி, வேறுபட்ட கட்டங்களைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுதல் போதுமானது. வருகைதரு விரிவுரையாளருக்கு அந்த ஒரு மணிநேரத்திற்கும் கொடுப்பனவு வழங்கப்படவேண்டும். அது வழங்கப்படாத இடங்களில் இக்கூட்டம் நடைபெறும் என்று எதிர்பார்ப்பது வீண்.

இறுதியாக ஒரு நடைமுறை விடயம். திருத்தத் தொடங்கியபின் அட்டவணையில் குறை தென்பட்டு அதனை மாற்ற முற்பட்டால், ஏற்கெனவே திருத்தியவற்றை மீளத் திருத்தவேண்டுமா என்று முறைமை கேட்கும். வேண்டும் என்று கூறின், மீளத் திருத்தும்வரை மாணவருக்கு அட்டவணை மறைக்கப்படும். நள்ளிரவில், அறுபது ஒப்படைகள் முடிந்து நாற்பது எஞ்சியிருக்கும் வேளையில் இக்கேள்வி எழும். வேண்டாம் என்பதை அழுத்தினால், முதல் அறுபதின்மர் ஓர் அளவுகோலாலும் எஞ்சியோர் வேறோர் அளவுகோலாலும் அளக்கப்படுவர். பெறுபேற்றுப் பட்டியலில் அந்த வேறுபாட்டுக்கு எந்தத் தடயமும் இராது.